தள்ளு, கிளிக், இழு

எங்கள் தொழிற்சாலையில் சுவருக்குச் சுவர் ஒரே வாசகம் ஒட்டியிருக்கும்: தள்ளு, கிளிக், இழு. காருக்கும் பைக்குக்கும் உள்ளே ஓடுகிற ஒயர் கட்டுகளைச் செய்யும் கம்பெனி. ஓசூரில் இப்படி நிறைய உண்டு. ஒயர் முனையைக் கனெக்டருக்குள் தள்ள வேண்டும், கிளிக் என்று கேட்க வேண்டும், பிறகு சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளுவதும் கிளிக்கும் மற்றவர்கள் பாடு. மூன்றாவது என்னுடையது. அடுத்தவர்கள் பாடுபட்டுச் சேர்த்து வைப்பதைப் பிடித்து இழுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கையோடு வந்துவிட்டால் தப்பு அவர்கள் மேல். வராவிட்டால் அடுத்ததை இழுப்பேன்.

இந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. கேஸ் டியூப், செல்போன் சார்ஜர், கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கம்பி, எதைத் தொட்டாலும் கடைசியில் ஒரு இழு. கல்யாணத்தில் தாலி கட்டி முடிச்சுப் போட்டதும் இழுத்துப் பார்த்தேன் என்று என் மனைவி சொல்வாள். நான் இல்லை என்பேன். கல்யாண வீடியோ அவள் கட்சி.

எங்களுக்கு ஒரு குழந்தை பிறக்க வெகு காலம் ஆயிற்று. அத்தனை காலம் காக்க வைத்தவள், கடைசியில் அவசரப்பட்டு மாதம் முடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டாள். அப்பாவைப் பார்க்க அவ்வளவு ஆசை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். மூக்கில் நூல் மாதிரி ஒரு டியூப். பால் அதன் வழியாகப் போகும். என் மனைவி பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியிலிருந்த வட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு அந்தச் சின்ன உள்ளங்கையில் ஒரு விரலை வைத்திருப்பாள். நான் வெளியே நின்று நர்சம்மாக்களைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

டியூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"அம்மாகிட்ட நேரா குடிக்க ஆரம்பிச்சிட்டா, சந்தோஷம். ஆனா எவ்வளவு உள்ள போகுதுன்னு கண்ணால சொல்ல முடியாது. குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ எடை பாருங்க. குடிச்சதும் துணிகூட மாத்தாம இன்னொரு தடவ பாருங்க. வேளைக்கு முப்பத்தஞ்சு கிராமாவது ஏறணும். ஆயுத பூஜை அன்னிக்குச் சாயங்காலம் நானே போன் பண்றேன். ஏறலைன்னா யோசிக்காம கூட்டிட்டு வந்துடுங்க, மறுபடி டியூப்தான். அதுவரைக்கும் வெளிய எங்கயும் தூக்கிட்டுப் போகாதீங்க. சளி புடிச்சா தாங்கமாட்டா."

மனைவி தலையாட்டினாள். மறுபடி டியூப்தான் என்ற இடத்தில் அவள் கை என் சட்டையைப் பிடித்தது. அந்த இழுப்பில் ஒரு பட்டன் போயிற்று. எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இழுப்பவன் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையில் குழந்தைகளை எடை பார்க்கும் தராசு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். குழந்தையைக் கிடத்த ஒரு வெள்ளைத் தொட்டி, அதிலிருந்து நீளும் ஒரு சாம்பல் நிற ஒயர், அதன் முனையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வட்டக் கனெக்டர், அது போய்ச் சொருகிக்கொள்ளும் ஒரு டிஸ்பிளே பெட்டி. அவ்வளவுதான். "ஒயரு கொஞ்சம் பழசுங்க, பாத்து" என்றார் கடைக்காரர். "நான் ஒயர் கம்பெனிங்க" என்றேன், அவர் இனிமேல் எனக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை என்கிற தோரணையில்.

குருபரப்பள்ளி தாண்டி ஹைவேயை ஒட்டிய எங்கள் வாடகை வீட்டில் அந்தத் தராசு நடு அறையில் உட்கார்ந்தது. ஒவ்வொரு வேளையும் எங்கள் பெண் பாதி குடிக்கையிலேயே தூங்கிவிடுவாள். காதைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுரண்டி, ஈரத் துணியால் கன்னத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும். பிறகு தராசு. இருபது காட்டும். இன்னொரு வேளை இருபத்தைந்து. அந்தச் சிவப்பு எண் குழந்தையின் எடையை விட்டுவிட்டு என் மனைவிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பூண்டு வேக வைத்துத் தின்றாள். கருவாடு தின்றாள். இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். "எங்கிட்டதான் இல்லையோ?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் ஏதோ ஜோக் சொன்னேன். அது என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை, அவளும் சிரிக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின இரவு எண் முதன்முறையாக முப்பதைத் தொட்டது. அவள் கொஞ்ச நேரம் தூங்கினாள்.

பிரசவத்துக்குத் துணையாக என் மாமியார் வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அந்தக் குடும்பத்துக்கு வீட்டில் தெலுங்கு. என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார், நடுநடுவே தெலுங்கு தலை நீட்டும். பூஜை நாள் காலையில் வீட்டிலிருந்த இரும்பு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஸ்பானர், மிக்சி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பிறகு தராசைப் பார்த்தார்.

"அதையும் இப்படிக் கொண்டாங்க மாப்பிள்ள."

"அது எதுக்கு அத்த? வாடகை சாமான்."

"வாடகைன்னா என்ன, இந்த வீட்டுல இப்ப அதவிடப் பெரிய ஆயுதம் எது?"

நியாயம்தான். ஒயரைக் கழற்றி, தொட்டியையும் பெட்டியையும் தனித்தனியாகத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டுக்கும் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். முடிந்ததும் குழந்தைக்குப் பால் நேரம். தராசைத் திரும்ப நடு அறைக்குக் கொண்டுவந்து கனெக்டரைச் சொருகினேன். தள்ளினேன். கிளிக் கேட்டது.

இழுத்தேன்.

கனெக்டர் பெட்டியிலேயே அழகாக உட்கார்ந்திருந்தது. ஒயர் மட்டும் என் கையில் இருந்தது, முனையில் நாலு பிய்ந்த நரம்புகளோடு. கம்பெனியாக இருந்தால் தேறாததைப் போடும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, இதைச் செய்தது யார் என்று குரல் கொடுத்திருப்பேன்.

மனைவி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இழுத்தீங்களா?"

"கிளிக் கேட்டுச்சு. அதான்."

அவள் திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "சாயங்காலம் அவங்க கேப்பாங்க. நேத்து வரைக்கும் பத்தல. இன்னிக்கு என்னன்னு சொல்லுவேன்? தெரியலன்னு சொன்னா கூட்டிட்டு வான்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பெட்டிக்குள்ள மறுபடி வெக்க என்னால ஆகாதுங்க."

"நான் ஒட்டித் தரேன்" என்றேன். "நான் யாரு, ஒயர் கம்பெனி."

எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

வாடகைக் கடைக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூஜை நாளில் யார் எடுப்பார்கள்? மளிகைக் கடைக்கு ஓடினேன். கடை பாதி திறந்திருந்தது. எடை மெஷின் மீது மாலை போட்டு வாழைப்பழத்தில் ஊதுவத்தி குத்தியிருந்தது. கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூஜை போட்டதை நாளைக்குத்தான் எறக்குவோம். அது போகட்டும், பச்சக் கொழந்தைய வெங்காயத் தட்டுலயா படுக்க வெப்பீங்க?"

கேட்டுவிட்டு ஒரு பொட்டலம் பொரியைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

ஹைவேயில் லாரி எலக்ட்ரீசியன் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர், இங்கே வந்து நாளாயிற்று. அங்கே போகிற வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். லாரிகள் முன்னால் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. பூசணிக்காய்ச் சதையில் என் பைக் ஒரு தடவை வழுக்கியது. விழவில்லை. விழுந்திருந்தால் அன்றைக்கு அது ஒன்றுதான் முறைப்படி நடந்த காரியமாக இருந்திருக்கும்.

அவர் பட்டறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் ஒரு பலகையில் அவருடைய கருவிகள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன.

"இவத்து பேட சார்" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. "இன்னிக்கு வேணாம். பூஜைல வெச்ச சாமான நான் தொட்டா வருசம் பூரா கையே ஓடாது."

ஒயர் முனையைக் காட்டினேன். தராசு என்றேன், குழந்தை என்றேன், சாயங்காலம் டாக்டர் என்றேன். அவர் மென்றுகொண்டே கேட்டார். பிறகு பெஞ்சில் மெதுவாக ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் தொடமாட்டேன். நான் இந்தப் பக்கம் லாரி எண்ணிக்கிட்டிருக்கேன். எனக்குப் பின்னாடி எதனா காணாமப் போனா எனக்குத் தெரியாது. ராடு காணாமப் போனா பக்கத்துல இருக்குற ஈயமும் பேஸ்ட்டும்கூட சேந்து காணாமப் போறது நல்லது. அது இல்லாம இது ஒட்டாது."

ஈயம் உருக்கி ஒட்டுகிற ராடு, ஈயக் கம்பி, பேஸ்ட் டப்பா, மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

"சார்" என்றார், திரும்பாமலேயே. "உங்களுக்குப் பத்த வெக்கத் தெரியுமா?"

"ஒயர் கம்பெனில இருக்கேங்க."

"அது சரி. தெரியுமான்னு கேட்டேன்."

எங்கள் பக்கம் ஈயம் உருக்கி ஒட்டுவதையும் பத்த வைப்பது என்போம், இரண்டு பேருக்கு நடுவில் வம்பு மூட்டுவதையும் பத்த வைப்பது என்போம். இரண்டாவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அந்த ராடு லாரி பேட்டரி ஒயருக்கானது. மக்காச்சோளம் பருமன். நான் ஒட்ட வேண்டிய ஒயரோ தலைமுடிக்கு அண்ணன். வீட்டுக்குள் ஈயப் புகை ஆகாது என்று மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். மொட்டைமாடிப் படிக்கட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்து, செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தேன். கனெக்டரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பார்த்தால் மாமியார் ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிக்கொண்டு வந்தார். அதில் குத்தினேன். ஆடாமல் நின்றது.

கனெக்டரின் மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே எறும்புக் காது அளவில் நாலு பின்கள். ஒவ்வொன்றிலும் பழைய ஒயரின் துணுக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பின்னில் எந்த நிறம் என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும், அப்படியே திருப்பி ஒட்டிவிடலாம். ஆனால் என் கண்ணுக்கு நாலும் அழுக்கு நிறம்தான். நாற்பதைத் தாண்டியபின் எனக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரிவதில்லை. மனைவி இதை வேறு அர்த்தத்திலும் சொல்வதுண்டு.

மாமியாருக்குக் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தது. ஊசியில் நூல் கோப்பார்.

"அத்த, ஒண்ணுன்னு போட்டிருக்குற இடத்துல என்ன கலர்?"

கிழங்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எர்ர."

சிவப்பு. அவ்வளவு தெலுங்கு எனக்குத் தெரியும்.

"ரெண்டு?"

"நல்லதி."

இதில்தான் நான் பழைய காலத்தில் மாட்டியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஜவுளிக் கடையில் அவர் ஒரு புடவையைக் காட்டி "நல்லதி" என்று மனைவியிடம் சொல்ல, நான் நடுவில் புகுந்து "ஆமாங்க அத்த, ரொம்ப நல்லது" என்று கடைக்காரரிடம் எடுத்துப் போடச் சொல்லிவிட்டேன். நல்லதி என்றால் கருப்பு. வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் அதைக் காட்டியிருக்கிறார். அந்தக் கருப்புப் புடவை வெகு நாள் பேசப்பட்டது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. கருப்பு என்று மனதில் எழுதிக்கொண்டேன். தெலுங்குக் குடும்பத்தில் பெண் எடுத்துப் பக்குவப்பட்ட ஆள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"மூணு?"

"பச்ச."

"சரி. நாலு?"

உள்ளே குழந்தை அழுதது. மாமியார் கிழங்கை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து ஓடினார். போகட்டும். கையிலிருந்த ஒயர்கள் சிவப்பு, கருப்பு, பச்சை, மஞ்சள். மூன்று தெரிந்துவிட்டால் நாலாவது மஞ்சள்தானே. இதற்கு லென்ஸ் வைத்த கண் வேண்டுமா?

ராடு சூடேறியது. முதலில் சந்தனம் கருகி மணத்தது, பிறகு குங்குமம் தீய்ந்து ஒரு புகை வந்தது. பழைய துணுக்குகளை உருக்கி எடுத்தேன். பல்லால் கடித்து ஒயர்த் தோலை உரித்தேன். ராடு பக்கத்தில் வந்ததுமே மிச்சத் தோல் தானாகச் சுருண்டு பின்னால் ஓடியது. ஈயம் உருண்டை உருண்டையாகத் திரண்டு, நான் ஒட்டச் சொன்ன இடத்தை விட்டுவிட்டு என் கால் பெருவிரலில் போய் ஒட்டியது. இரண்டு பின்னுக்கும் நடுவில் பாலம் கட்டியது. பாலத்தை உருக்கினால் ஒயர் கழன்றது. ஒயரைப் பிடித்தால் சூடு கம்பி வழியாக ஏறி விரலைச் சுட்டது. கீழே பைக் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்னாண்ணா, அங்க எதனா படையல் தீயுதா?"

"ஆமாங்க" என்றேன். "நான்தான் படையல்."

கதவு லேசாகத் திறந்தது. "ஆச்சா?" என்று மனைவியின் குரல்.

"ஆவுது."

"இந்த வேளை குடிச்சிட்டா. எவ்வளவுன்னு தெரியல. கொஞ்சமாத்தான் குடிச்ச மாதிரி இருக்கு." கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலத்துக்கு முன் இனி ஒரே வேளைதான் மிச்சம். அதையும் விட்டால் டாக்டரம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் நேற்றைய எண்கள் மட்டும்தான். அந்த எண்கள் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் வழி காட்டும். ராடை மறுபடி கையில் எடுத்தேன்.

எப்படியோ நாலு ஒயரும் நின்றன. கோணல்மாணலாக, ஆளுக்கொரு திசை பார்த்து, ஆனால் நின்றன. கும்பிட்டுவிட்டு மூடியைப் போட்டுத் திருகலாம் என்று தேடினேன். மூடி படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மூடி ஒரு குழாய் மாதிரி. ஒட்டுவதற்கு முன்பே ஒயரில் கோத்து வைத்திருக்க வேண்டும். ஒட்டியபிறகு ஒயரின் மறு முனையில் இருக்கும் தராசுத் தொட்டியைத் தாண்டித்தான் அதைக் கோக்க முடியும், தொட்டியோ குழந்தை படுக்கிற அளவு.

கம்பெனியில் எத்தனை ஆயிரம் கனெக்டர்களை இழுத்திருப்பேன். மூடி எப்படி உள்ளே போயிற்று என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா?

நாலையும் மறுபடி உருக்கி எடுத்தேன். அப்போது கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பேஸ்ட் புகை என்று வைத்துக்கொள்ளலாம். மூடியைக் கோத்தேன். மறுபடி உரித்தேன், மறுபடி முறுக்கினேன், மறுபடி சுட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை கை கொஞ்சம் அடங்கியிருந்தது. எரிந்து எரிந்து விரல்களுக்கு உணர்ச்சி போயிருந்ததும் ஒரு காரணம். சிவப்பு ஒன்று, கருப்பு இரண்டு, பச்சை மூன்று, மஞ்சள் நாலு. மூடியைத் திருகினேன்.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. தராசை நடு அறையில் வைத்துச் சொருகினேன். தள்ளினேன். கிளிக் கேட்டது. கையை உடனே எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு எழுத்து எரிந்தது, சுற்றிச் சுற்றி ஓடிப் பூஜ்யத்தில் நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும்.

குழந்தையைக் கிடத்தினாள். எண் ஓடியது, நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.

"இது என்ன கோடு?" என்றார் மாமியார்.

"மைனஸ்" என்றேன்.

"அப்படின்னா?"

அப்படியென்றால் எங்கள் பெண்ணைக் கிடத்தியதில் தராசு இலேசாகிவிட்டது என்று அர்த்தம். அவள் இல்லாததைவிடக் குறைவாக இருக்கிறாள் என்று அர்த்தம். என்னுடைய கைவேலைக்கு எது வரும் என்று நினைத்தேனோ அதையும் தாண்டி ஒன்று வந்திருந்தது. ஒயர் மாறியிருக்கிறது. எது?

"அத்த, மூணாவது பச்சன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா, பச்ச."

"பச்சைதான் ஒட்டியிருக்கேன். இதோ பாருங்க" என்று ஒயரின் உரிந்த இடத்தைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இது ஆகுபச்ச இல்ல? நான் சொன்னது பச்ச." தன் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து என் கண் முன்னால் ஆட்டினார். "இது பச்ச."

"அது மஞ்சள் அத்த."

"உங்களுக்கு மஞ்சள். எங்க ஊர்ல பச்ச. மஞ்சக்காமாலைய நாங்க பச்சக்காமாலைன்னுதான் சொல்வோம்."

"அப்ப எல இருக்கே, அது?"

"அதான் ஆகுபச்ச. எலைப் பச்ச. எல இருக்குற பச்ச வேற, சும்மா பச்ச வேற. இத்தன வருசமா எங்க பொண்ணோட குடித்தனம் பண்றீங்க, இதுகூடத் தெரியாதா?"

நல்லதியில் தப்பித்தவன் பச்சையில் விழுந்தேன். மஞ்சளும் பச்சையும் இடம் மாறிவிட்டன. கழற்றி மாற்ற வேண்டும். ராடு மறுபடி சூடேற வேண்டும், மூடியைத் திருக வேண்டும், கிழங்கு வேண்டும். எழுந்தேன். அதற்குள் குழந்தை அழத் தொடங்கியது.

எங்கள் பெண் பசிக்குக் கொஞ்ச நேரம்தான் அழுவாள். அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பு கிடையாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்துக் கொடுக்காவிட்டால் களைத்துத் தூங்கிவிடுவாள், பிறகு எழுப்பினாலும் குடிக்கமாட்டாள். நான் ராடைப் பார்த்தேன், குழந்தையைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். ஜோக்கு எதுவும் வரவில்லை.

மனைவி தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நம்பர ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள்.

"அது தப்பு நம்பரும்மா. மைனஸ்."

"தெரியுது. தலைகீழா காட்டுது, அவ்வளவுதானே? குடிச்சப்புறமும் தலைகீழாத்தானே காட்டும்? நமக்கு வேணுங்கறது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம். மைனஸ் கூடியிருந்தா பாலு உள்ள போயிருக்குன்னு அர்த்தம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"அதத் தொடாதீங்க" என்றாள். "இப்படியே இருக்கட்டும். ஒருத்தரும் எதையும் கழட்ட வேணாம்."

குழந்தையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வேளை மாதிரி நீளமான வேளையை நான் பார்த்ததில்லை. குழந்தை குடித்தாள், நிறுத்தினாள். மாமியார் காதைத் தேய்த்தார். குடித்தாள். கண் சொருகியது. நான் உள்ளங்காலைச் சுரண்டினேன். என் விரல் தோல் சுட்டு உரிந்திருந்ததால் அது சொரசொரவென்றிருந்திருக்க வேண்டும். திடுக்கிட்டு முழித்து மறுபடி குடித்தாள். அன்றைக்கு என்னால் ஆன உருப்படியான காரியம் அது ஒன்றுதான். மனைவி மூச்சுவிடுவதைக்கூட அளந்து விட்டாள். ஹைவேயில் லாரிகள் போகும் சத்தத்துக்கு நடுவில் அந்தச் சின்ன விழுங்கும் சத்தம் வருகிறதா என்று நாங்கள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வரும். நிற்கும். மறுபடி வராதோ என்று இருக்கும். வரும்.

வாயை விட்டாள். இனி எழுப்ப முடியாது.

மனைவி துணி மாற்றாமல் அப்படியே கிடத்தினாள். எண் ஓடியது. யாரும் கிட்டே போகவில்லை.

மைனஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

"கொறைஞ்சிருக்கா?" என்றார் மாமியார், பயந்த குரலில்.

"இல்ல அத்த, கூடியிருக்கு. இந்த மெஷின்ல மைனஸ் கூடினா நல்லது."

"நல்லதியா?"

"கருப்பு இல்ல அத்த. தமிழ் நல்லது."

மனைவி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் இழுத்துப் பார்க்கவில்லை.

இருட்டுவதற்குள் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"எவ்வளவு ஏறுது?" என்றார் டாக்டரம்மா.

"மைனஸ் நாப்பதுங்க டாக்டர்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "என்ன சொல்றீங்க? எறங்குதா?"

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். தராசு அறுந்தது, ஒட்டியது, தலைகீழாகக் காட்டுவது, எல்லாவற்றையும் மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். யார் அறுத்தது என்பதைச் சொல்லவில்லை. பிறகு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாப்பது நல்ல நம்பர்மா" என்றது போன். "ஆனா ஒரு வேளைய வெச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. ராத்திரி எல்லா வேளையும் பாருங்க. காலைல கூப்பிடறேன். இதே மாதிரி ஏறினா டியூப் தேவையில்ல. இப்ப கூட்டிட்டு வர வேணாம்."

இப்ப கூட்டிட்டு வர வேணாம். விடியும்வரைக்குமான வார்த்தைதான். இன்னும் எத்தனை வேளை, எத்தனை எண். ஏறுமா என்று யாருக்குத் தெரியும்? குழந்தை தொட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், தலைமாட்டில் மாமியார் காலையில் வைத்த சந்தனப் பொட்டோடு. பெட்டியில் மைனஸ் எரிந்துகொண்டிருந்தது.

என் கண் அந்தக் கனெக்டர் மேல் விழுந்தது. கோணலாக ஒட்டிய நாலு ஒயர். ராத்திரி முழுக்கத் தாங்குமா? சரியாகப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே வழிதான் எனக்குத் தெரியும். வலது கை தன்பாட்டுக்கு எழுந்து அந்தப் பக்கம் நகர்ந்தது.

"கை" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலேயே.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த வேளைக்கு இன்னும் நேரம் இருந்தது.